சனிக்கிழமை மூன்று நாடு, செவ்வாய்க்கிழமை ஒரே லேப்

வாசகர் கேள்வி – பதில்

ஜெர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள ஆஹன் நகரில், இயந்திரப் பொறியியல் முதுகலை படிக்கும் மாணவி இந்த இதழில் பதில் சொல்கிறார். சொந்த ஊர் ராஜபாளையம். அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர்.

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறாள். சனி, ஞாயிறு வந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு கோட்டை, ஒரு ஆறு, ஒரு ஐஸ்கிரீம். படிக்கத்தான் போனாளா? கேட்டால் கோபித்துக்கொள்கிறாள்.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

ஐயா, முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதிக் கவலை அதிலேயே போய்விடும். இங்கே 2023 மே மாதத்தில் இருந்து ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ என்று ஒன்று இருக்கிறது. மாதச் சந்தா. 49 யூரோவில் ஆரம்பித்து, 2026 ஜனவரியில் 63 யூரோவுக்கு வந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், பாசஞ்சர் ரயில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். அதிவேக ரயிலில் மட்டும் செல்லாது. நிறையப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அந்த விலையில் 60 சதவீதம்தான். அதையும் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். உங்கள் மகளின் பல்கலைக்கழகமும் அப்படி என்றால், அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பணம் போய்த்தான் இருக்கும். கட்டிய காசுக்கு ஊர் பார்க்காமல் இருக்க நம் ஆட்களால் முடியுமா?

மற்றபடி, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு லைப்ரரியில் கண் எரிய உட்கார்ந்திருப்பதை யாரும் ஸ்டேட்டஸில் போடமாட்டார்கள். அதனால் உங்கள் கண்ணுக்குச் சனிக்கிழமை மட்டும் தெரிகிறது. “படிக்கிறியா?” என்று கேட்காதீர்கள். “எந்தெந்தப் பரீட்சைக்குப் பதிவு பண்ணியிருக்கே?” என்று கேளுங்கள். இங்கே ஒவ்வொரு பரீட்சைக்கும் நாமே தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். படிக்கிற பிள்ளை டக்கென்று பதில் சொல்லிவிடும். இழுத்தால் அப்புறம் கவலைப்படலாம்.

கேள்வி: அக்கா, எல்லாரும் வீக்எண்ட் கதையே சொல்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை எப்படி இருக்கும்?
– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி, கோவில்பட்டி

தங்கச்சி, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால், இங்கே தைரியம் தேவைப்படுவது வார நாட்களில்தான். சனிக்கிழமை ஊர் சுற்ற ஒரு டிக்கெட்டும் செல்போனில் மேப்பும் போதும்.

பெரிய வகுப்புகள் நடக்கும் கட்டடத்துக்கு இங்கே ‘கார்ல்’ என்று பெயர். 2017-ல் திறந்தது. அதன் பெரிய அரங்கில் ஆயிரம் பேர் உட்காரலாம். வருகைப் பதிவு எடுப்பது அபூர்வம். வரவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். போகாது. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் மேஜையை முட்டியால் தட்டுவார்கள். முதல் வகுப்பில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் டொக் டொக் என்று தட்டியதும், பேராசிரியர் மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அது நன்றி சொல்வதாம். இப்போது ஊருக்கு வந்தால்கூட நல்ல சாப்பாடு முடிந்ததும் கை தானாக மேஜைக்குப் போகிறது. அம்மா முறைக்கிறார்.

பெரும்பாலான பாடங்களில் இன்டர்னல் மார்க் என்ற பேச்சே இல்லை. ஆறு மாதம் படித்ததற்கு ஒரே பரீட்சை, ஒன்றரை மணியோ இரண்டு மணியோ. மார்க் தலைகீழ்: 1.0 என்றால் முதல் தரம், 4.0 என்றால் தப்பித்தாய், 5.0 என்றால் போச்சு. பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் படிப்பே முடிந்தது, ஊர் திரும்ப வேண்டியதுதான். நம் ஊரில் அரியர் வைத்துக்கொண்டே டிகிரி முடித்த அண்ணன்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரிய ஒரு செமஸ்டர் ஆகும். ஒரு நல்ல விஷயமும் உண்டு. ரிசல்ட் வந்த பிறகு ஒரு நாள் குறித்து, திருத்திய விடைத்தாளைக் கையில் கொடுப்பார்கள். உட்கார்ந்து பார்த்து, “இந்த இடத்துக்கு ஏன் மார்க் இல்லை?” என்று வாதாடலாம். நியாயம் இருந்தால் தருவார்கள்.

மத்தியானம் ‘மென்ஸா’ என்கிற மாணவர் உணவகம். அசைவம் சாப்பிடாதவர்களுக்கும் தினமும் ஏதாவது இருக்கும். உப்பு இருக்கும், உறைப்பை எதிர்பார்க்காதே.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு ஆய்வகத்தில் உதவியாளர் வேலை பார்க்கிறேன். இங்கே அதற்கு ‘ஹீவி’ என்று செல்லப் பெயர். வேலை என்னவென்றால், மில்லிங் மெஷினில் ஸ்டீலை வெட்டிய கார்பைட் இன்செர்ட்டை, அதாவது வெட்டும் முனை உள்ள சின்ன வில்லையை, கழற்றி, துடைத்து, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, முனை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பது. ஒரு பாஸ் (ஒரு தடவை வெட்டுவது), அளவு. இன்னொரு பாஸ், மறுபடியும் அளவு. பக்கவாட்டுத் தேய்மானம் 0.3 மில்லிமீட்டரைத் தொட்டால் அந்த முனையின் கதை முடிந்தது, திருப்பிப் போட வேண்டியதுதான். கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் 0.28-ல் நிற்கும்போது, அடுத்த பாஸில் உடையுமா தாங்குமா என்று மெஷின் சத்தத்தை வைத்தே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அப்பா நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் சத்தத்தை வைத்து பேரிங் போய்விட்டது என்று சொல்வார். அந்த வம்சம்.

அங்கே ‘மைஸ்டர்’ ஒருவர் இருக்கிறார். ஒர்க்‌ஷாப்புக்கு அவர்தான் எல்லாம். பேராசிரியரே அவரிடம் கேட்டுத்தான் மெஷினைத் தொடுவார். ஆங்கிலம் பேசமாட்டார். முதல் நாள் என் காலைப் பார்த்தார், ஸ்போர்ட்ஸ் ஷூ. ஒரு வார்த்தை பேசாமல் கதவைக் காட்டினார். மறுநாள் இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூவோடு போனேன், காபி ஊற்றிக் கொடுத்தார். சரியாக நான்கு மணிக்கு மெஷினைத் துடைக்க ஆரம்பிப்பார். துணி ஒன்று, பிரஷ் ஒன்று, எண்ணெய் ஒன்று. நாலே காலுக்கு மேல் அவரைக் கட்டடத்தில் பார்க்க முடியாது. அவர் கிளம்பிய பிறகு மெஷினை ஓட்டக் கூடாது, அதனால் மூன்று மணிக்குள் என் இன்செர்ட் தயாராக இருக்க வேண்டும். என் வார நாள் முழுக்க அந்த மூன்று மணியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையே இருக்காதாமே? உண்மையா?
– இல்லத்தரசி, தேனி

உண்மைதான் அம்மா. சட்டமே அப்படி. சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, எலெக்ட்ரிக் கடை எல்லாம் சாத்தியிருக்கும். ரொட்டிக் கடைகள் காலையில் சில மணி நேரம் திறக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் விலை கூடுதல். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் நிற்க இடம் இருக்காது.

கடை மட்டுமல்ல, சத்தமும் ஆகாது. ஞாயிறன்று சுவரில் டிரில் போடக் கூடாது. கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதுகூட கூடாது, உடையும் சத்தம் கேட்கும் என்று. எங்கள் ஃபிளாட்டில் இட்லிக்குச் சட்னி சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குள் அரைத்துவிட வேண்டும். பத்துக்கு மேல் மிக்ஸி போட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார். நல்ல பாட்டிதான், ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்து வைத்திருக்கிறோம்.

கேள்வி: ஆஹனில் இருந்து ஒரே நாளில் மூன்று நாடு பார்க்கலாம் என்று என் நண்பன் அளக்கிறான். நம்பலாமா?
– பிளஸ் டூ மாணவர், பொள்ளாச்சி

தம்பி, ஒரே நாள் எதற்கு? ஒரே நிமிஷத்தில் பார்க்கலாம். ஆஹனில் டவுன் பஸ் ஏறி ஃபால்ஸ் என்ற நெதர்லாந்து ஊரில் இறங்கி, காட்டுப் பாதையில் மேலே ஏற வேண்டும். உச்சியில் ஒரு கல். அதைச் சுற்றி ஒரு சுற்று வந்தால் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து முடிந்தது. உயரம் 322 மீட்டர்தான். ஐரோப்பிய நெதர்லாந்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது, அதனால் அதை மலை என்று சொல்லிக்கொள்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் பிறந்தவள் நான், சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

உன் நண்பனை மடக்க ஒரு சமாச்சாரம் தருகிறேன். ஒரு காலத்தில் அங்கே சந்தித்தவை நான்கு எல்லைகள். நெப்போலியன் தோற்ற பிறகு எல்லை பிரித்தபோது, பக்கத்தில் ஒரு துத்தநாகச் சுரங்கம். அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் வேண்டும், நெதர்லாந்துக்கும் வேண்டும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1816-ல் அந்தத் துண்டு நிலத்தை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாத ‘நடுநிலை மோரெஸ்னெட்’ ஆக்கிவிட்டார்கள். அப்புறம் பெல்ஜியம் நெதர்லாந்தில் இருந்து பிரிந்து தனி நாடு ஆனது, எல்லை நான்கு ஆனது. சுரங்கம் 1885-ல் தீர்ந்துபோனது. ஆனாலும் அந்தக் குட்டி நிலம் நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 1908-ல் அங்கிருந்த ஒரு டாக்டர், இதை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி பேசும் நாடாக்கிவிடலாம் என்று கிளம்பினார், கொடியெல்லாம் தயார் செய்தார்கள். 1920-ல் அது பெல்ஜியத்தோடு சேர்ந்தது. அந்தச் சிற்றூருக்கு இப்போது கெல்மிஸ் என்று பெயர். நான் போன அன்று மழை, ஒரு மரத்தடியில் நின்று பெல்ஜியம் ஃப்ரைஸ் சாப்பிட்டேன். எந்த நாட்டு மரம் என்று பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. வழியில் சோதனைச் சாவடி எதுவும் கண்ணில் படாது, ஆனால் 2024 செப்டம்பரில் இருந்து ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் திடீர்ச் சோதனை செய்கிறது. பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதி அட்டையும் பையில் இல்லாமல் எல்லை தாண்டாதே.

கேள்வி: ஊரை விட்டு வெளியே போகாத சனிக்கிழமை என்ன செய்வீர்கள்?
– தையல் கடை உரிமையாளர், திருச்சி

துணி துவைப்பேன். எங்கள் கட்டடத்தில் வாஷிங் மெஷினுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், சனிக்கிழமை கிடைத்தால் அதிர்ஷ்டம். பிறகு காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு கடைக்கு. இங்கே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலை மெஷினுக்குள் போட்டால் அந்தக் காசுக்குச் சீட்டு வரும். ஒரு பை பாட்டிலுக்குக் கத்தரிக்காய் வாங்கிவிடலாம்.

மீதி நேரத்துக்கு ஊரே போதும். சார்லமேன் பேரரசர் கட்டிய தேவாலயம் இங்கேதான். 1978-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய முதல் ஜெர்மன் இடம் அது. 936-ல் இருந்து 1531 வரை ஜெர்மன் அரசர்களுக்கு அங்கேதான் முடிசூட்டு விழா. சாயங்காலம் மாணவர்கள் எல்லாம் லவுஸ்பெர்க் என்ற குன்றில் ஏறி உட்கார்வார்கள். அந்தக் குன்று வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். ஊரை மூடிவிடச் சாத்தான் ஒருவன் மூட்டை நிறைய மணலோடு வந்தானாம். வழியில் ஒரு கிழவியிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அவள் தேய்ந்துபோன செருப்பைக் காட்டி, “அங்கிருந்து கிளம்பும்போது இது புதுசு” என்றாள். சலித்துப்போய் மணலை அங்கேயே கொட்டிவிட்டான். கிழவிக்கு அங்கே சிலை இருக்கிறது.

கேள்வி: பகுதி நேர வேலை பார்த்தே கல்விக் கடனை அடைத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். நிஜமா?
– பெற்றோர், நாமக்கல்

அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். கணக்கை நீங்களே பாருங்கள். 2026-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் பத்து மணி நேரம் வேலை பார்த்தால் மாதம் 600 யூரோ சுமார். விடுதி வாடகை 300 யூரோவை ஒட்டி, மருத்துவக் காப்பீடு 140-க்கு மேல், அப்புறம் அரிசி பருப்பு. முடிந்தது. வாரம் இருபது மணி நேரம் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். மேலே சொன்ன மூன்று வாய்ப்புப் பரீட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று வரம்பும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பார்க்கும் உதவியாளர் வேலை மட்டும் அந்தக் கணக்கில் வராது.

விசாவுக்கே ஒரு வருடச் செலவு 11,904 யூரோவை ‘முடக்கக் கணக்கு’ என்ற வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், அதில் இருந்து மாதம் 992 வீதம்தான் எடுக்கலாம். ஆஹன் இருக்கும் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது பெரிய நிம்மதி. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. வேலை பார்த்து அன்றாடத்தைச் சமாளிக்கலாம். கடன், படிப்பு முடிந்து சம்பளம் வந்த பிறகுதான்.

கேள்வி: என்ர சித்தி குடும்பம் ஜெர்மனியில ஹம் நகரில இருக்கினம். அங்க உள்ள அம்மன் கோயிலுக்குப் போனனீங்களோ?
– ஆசிரியை, வவுனியா

போனேன் டீச்சர், இனியும் போவேன். ஆஹனில் புறப்படும் ஆர்.இ. 1 ரயில் கொலோன், டுசல்டார்ஃப், டார்ட்முண்ட் வழியாகப் போய் நிற்கும் கடைசி ஸ்டேஷனே ஹம்தான். ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கிருந்து பஸ். தொழிற்பேட்டை மாதிரி இடம், கிடங்குகள், லாரிகள். திடீரென்று 17 மீட்டர் ராஜகோபுரம். காமாட்சி அம்பாள் கோயில், 2002-ல் கும்பாபிஷேகம். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் 1980-களின் கடைசியில் ஒரு நிலவறையில் வைத்துக் கும்பிட ஆரம்பித்த அம்மன்.

நான் போனது தேர்த் திருவிழாவுக்கு. தேர் தார்ச்சாலையில் வருகிறது, முன்னால் காவடி, பக்கத்தில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஜெர்மன் போலீஸ். தீர்த்தமாடுவதற்கு அம்மனைச் சரக்குக் கப்பல் போகும் கால்வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற அம்மா திரும்பி, “பிள்ளை எந்த ஊர்?” என்றார். ராஜபாளையம் என்றேன், தெரியவில்லை. சிவகாசிப் பக்கம் என்றதும், “ஓ, வெடி செய்யிற ஊர்!” என்று பிடித்துக்கொண்டார். அவருடைய பேரப் பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மனில் சண்டை போட்டுக்கொண்டு, முறையிட மட்டும் அம்மம்மாவிடம் தமிழில் வந்தார்கள். கிளம்பும்போது இடியப்பமும் சம்பலும் பார்சல். ரயிலில் டப்பாவைத் திறந்ததும் எதிர் சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார். எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

கேள்வி: ஜெர்மானியர்கள் சிரிக்கவே மாட்டார்களாமே?
– பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

கார்னிவல் சமயத்தில் வந்து பாருங்கள். அது தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்டம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை பெண்கள் நாள். பெண்கள் கத்தரிக்கோலோடு கிளம்பி, கண்ணில் படும் ஆண்களின் டையை வெட்டிவிடுவார்கள். எங்கள் ஆய்வகத்தில் குழுத் தலைவர் அதற்கென்றே பழைய டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். செயலாளர் அம்மா வெட்டிய துண்டு இன்னும் நோட்டீஸ் போர்டில் குத்தியிருக்கிறது. திங்கட்கிழமை ஊர்வலத்தில் வண்டிகளில் இருந்து மிட்டாயை வாரி இறைப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன். ஒன்று கவனம்: கொலோனிலும் ஆஹனிலும் ‘அலாஃப்’ என்று கத்த வேண்டும். டுசல்டார்ஃபில் ‘ஹெலாவ்’. மாற்றிக் கத்தினால் மதுரையில் நின்று கோயம்புத்தூர்க் குசும்பு பேசிய மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: செப்டம்பரில் கிளம்புகிறேன். பெட்டியில் என்ன வைக்கலாம்?
– பி.இ. முடித்தவர், விருதுநகர்

நம்ம மாவட்டம்! குக்கர் கட்டாயம். ஆனால் அலுமினிய குக்கர் வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. அடி தட்டையான, இண்டக்‌ஷனுக்கு ஒத்துவரும் ஸ்டீல் குக்கர், இரண்டு கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு. விசில் அடிக்கப்போகிறது என்று ஃபிளாட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடுவார்கள். மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட். மூன்று பின் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். குளிர்கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கட்டிக் கொடுப்பார்கள், தெரியும். எனக்கும் கட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியில் இருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது, நெய்யும் அதில் அடக்கம். சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். சென்னை ஏர்போர்ட்டில் செக்-இன் வரிசையில் நிற்கும்போதே தின்று தீர்த்துவிடுங்கள். வழியனுப்ப வந்தவர்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.